தேயாத தடுக்கு

முதலில் குரல்தான் வந்தது. ஆள் வரவில்லை.

ஆற்றின் மேல் பனி வெள்ளையாகப் படுத்திருந்தது. அக்கரை இல்லை. ஆறும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று கோரை அறுத்துக்கொண்டிருந்த ஆதிமூலத்துக்குத் தன் கால்களே தெரியவில்லை.

அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் பாடிக்கொண்டே வந்தது.

பாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது. இறங்க வேண்டிய இடத்தில் மூச்சு வாங்கி நின்றது. நின்ற இடத்திலிருந்து, ஒன்றுமே நடக்காததுபோல, மறுபடி கிளம்பியது.

ஆதிமூலம் அரிவாளை நிறுத்தினான். பல் கூசியது.

வெகுநேரம் கழித்துத்தான் பரிசல் தெரிந்தது. முதலில் துடுப்பு. அப்புறம் பரிசல்காரன் மொட்டையன். அவனுக்கு எதிரே, மடியில் மூட்டையோடு, அறுபதைத் தொட்ட ஒரு பெண். வாய் இன்னும் திறந்திருந்தது.

"கயிறைப் பிடிங்கண்ணே," என்றான் மொட்டையன். "அக்கா பாட ஆரம்பிச்சதுல பரிசல் நடு ஆத்துல ரெண்டு சுத்து சுத்திருச்சு. மீனெல்லாம் வேற ஊருக்குக் குடி போயிருச்சு."

"சுத்தினது உன் துடுப்பு," என்றாள் அந்தப் பெண். "என் பாட்டு நேராத்தான் போச்சு."

மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"தம்பி, பாட்டு சொல்லித் தர்ற இடம் இதுதானே?"

"இதுதான்க்கா."

"என் பேரு செல்லக்கிளி. கத்துக்கலாம்னு வந்தேன்."

ஆதிமூலம் மொட்டையனைப் பார்த்தான். மொட்டையன் வானத்தைப் பார்த்தான்.

*

ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடத்தில் அந்தத் திட்டு இருந்தது. ஒரு கூரைக் கொட்டகை. ஒரு அடுப்படி. சில மருத மரங்கள். பாட வந்தவர்கள் இருந்தார்கள். பாடிவிட்டுக் கிளம்பினார்கள். வேறு ஆட்கள் வந்தார்கள்.

எத்தனை வருஷப் படிப்பு என்று அங்கே கணக்குக் கிடையாது. ஒரு வழக்கம் உண்டு.

வந்தவர்கள் தாங்களே கோரை முடைந்து ஒரு தடுக்குச் செய்துகொள்ள வேண்டும். ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்குச் சின்னப் பாய், அவ்வளவுதான். பாடத்துக்கு அதில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து ஒருநாள் அது ஓட்டை விழும். ஓட்டை விழுந்த தடுக்கை வைத்துக்கொண்டு அங்கே யாரும் தங்கக் கூடாது. மறுநாள் விடியலில் துறையில் நின்று, எல்லார் முன்னாலும் ஒரு பாட்டு. அப்புறம் பரிசல்.

சிலருக்குச் சீக்கிரம் தேயும். சிலருக்கு நாளாகும். முன்பிருந்த குருவிடம், கனமான ஆட்களுக்கு ஏதாவது சலுகை உண்டா என்று மொட்டையன் ஒருமுறை கேட்டானாம். "கனத்துல தேயாதுடா. நெளியறதுலதான் தேயும். பாடத்துல நெளியாதவன் எவன் இருக்கான்?" என்று அவர் சிரித்தாராம்.

ஆதிமூலம் செல்லக்கிளிக்கு வழக்கத்தைச் சொன்னான். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது அவன் வேலை. சோறு பொங்குவது, தண்ணீர் எடுப்பது, கூரை மாற்றுவது, கோரை அறுத்துக் கொடுப்பது, எல்லாமே அவன் வேலைதான்.

"இந்தக் கோரை வெயில்ல நல்லாக் காயணும்க்கா. அப்புறம் தண்ணியில ஊறணும். ரெண்டாக் கீறி, அரிக்கிற சுனை போக வழிச்சு..."

"அது வரைக்கும் நான் எங்க உட்காருறது?"

அவன் பதில் சொல்வதற்குள், பின்னால் காய்ந்து கிடந்த பழைய கோரைக் கட்டு ஒன்றிலிருந்து ஒரு பிடி உருவிக்கொண்டாள். மதியத்துக்குள் முடித்தும் விட்டாள்.

அது தடுக்கு மாதிரியும் இருந்தது. நண்டு நடந்து போன மணல் மாதிரியும் இருந்தது. ஒரு பக்கம் நீளம். மூலையில் சில கோரைகள் மடங்க மறுத்துத் துருத்திக்கொண்டு நின்றன.

"பிரிச்சிருங்கக்கா," என்றான் ஆதிமூலம். "நான் சொல்லித் தர்றேன்."

"எதுக்கு தம்பி? உட்காரத்தானே?"

"குத்தும்க்கா."

"குத்தினா நிமிர்ந்து உட்காருறேன்."

போட்டு உட்கார்ந்து பார்த்தாள். இப்படியும் அப்படியும் அசைந்தாள்.

"குத்துது," என்றாள் சந்தோஷமாக.

அப்புறம் நிமிர்ந்து கேட்டாள். "உங்க தடுக்கு எங்க? அதைப் பார்த்தாவது அடுத்தது ஒழுங்கா முடையறேன்."

"அது இன்னும் முடியலைக்கா."

"ஓ. நீங்களும் புதுசா?"

அடுப்படி வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மொட்டையனுக்குப் புரை ஏறியது.

"அண்ணனா புதுசு? நான் துடுப்புப் பிடிக்கறதுக்கு முன்னாடி, எங்கப்பா கொண்டாந்து இறக்கி விட்ட ஆளு."

*

உண்மைதான்.

வந்த அன்றே ஆதிமூலமும் ஒரு தடுக்கு முடைந்தான். அப்போது பெரியவர் ஒருவர் குருவாக இருந்தார். கோணலாக வந்திருந்த அந்தத் தடுக்கைப் பார்த்துவிட்டு, "உட்காரு," என்றார்.

ஆதிமூலத்துக்கு மனசு வரவில்லை. இதிலா? உள்ளே இருக்கிற பாட்டுக்கு இது ஒரு இடமா?

"நாளைக்கு உட்காருறேங்கய்யா," என்று சொல்லிவிட்டுப் பிரித்தான்.

மறுநாள் நேராக வந்தது. ஆனால் கோரை முரடு. நல்ல கோரை திட்டின் மேற்குக் கோடியில், மழைக்குப் பின்னால்தான் வளரும். மழைக்குக் காத்திருந்தான். மழை வந்தது. கோரையும் வந்தது. கூடவே வெள்ளம் வந்து அடுப்படிச் சுவரைக் கொண்டுபோயிற்று. சுவர் எழுப்ப ஆள் வேண்டியிருந்தது. சுவர் எழும்பியதும் சோறு பொங்க ஆள் வேண்டியிருந்தது.

அப்படியே போயிற்று. எங்கே போயிற்று என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. பகல் முழுக்க ஏதோ ஒரு வேலை கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

நடுநடுவே தடுக்கைப் பிரித்தான், முடைந்தான். முடைந்தான், பிரித்தான். விரல் தேர்ந்துவிட்டது. மற்றவர்கள் தங்கள் தடுக்குக்கு அவனிடம்தான் வந்து கேட்டார்கள். சொல்லிக் கொடுத்தான். அவர்கள் உட்கார்ந்தார்கள், பாடினார்கள், தேய்த்தார்கள், போனார்கள்.

போகும்போது சொல்லிக்கொண்டு போவார்கள். போன வாரம்கூட, மேலாற்றுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தச்சர் துறையில் நின்று பாடினார். வந்தபோது மரத்தில் உளி தட்டுவதுபோலப் பாடிய மனுஷன். பாட்டு முடிந்து பரிசலில் கால் வைக்கும்போது ஆதிமூலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பாட்டைக் கேக்காமலே போறேனே அண்ணே."

"அடுத்த மழைக்கு இந்தப் பக்கம் வாங்க," என்றான் ஆதிமூலம்.

எல்லாரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தான்.

அப்படி வந்து போனவர்களில் ஒருத்திதான் பூங்காவனம். இரட்டைப் பின்னல் போட்ட பெண்ணாக வந்து, அவன் கையால் கோரை வாங்கி, தடுக்கை முடைந்து, தேய்த்து, பாடிவிட்டுப் போனவள். பெரியவர் கண்ணை மூடிய பிறகு அவளைத்தான் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து குருவாக உட்கார்த்தினார்கள்.

இப்போது அவளை அவன் "அம்மா" என்றான். அவள் பழைய பழக்கத்தில் அவனை "அண்ணே" என்றாள்.

*

ஆதிமூலத்துக்கு ஒரு கனவு உண்டு.

அதில் ஒருவன் பாடுவான். முகம் தெரியாது. முதுகுதான் தெரியும். அவன் பாட ஆரம்பித்ததும் ஆறு தன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றே இல்லாமல் விளக்குச் சுடரெல்லாம் அவன் பக்கம் சாயும். மரத்தில் அடைந்த கொக்குகள் ஒரு காலை இறக்க மறந்து நிற்கும்.

அந்தக் குரல் தன்னுடையது என்பதில் ஆதிமூலத்துக்குச் சந்தேகமே இல்லை. விழிக்கும்போது அதன் சூடு தொண்டையில் இருக்கும்.

எழுந்து கொஞ்ச நேரம் யாரிடமும் பேச மாட்டான். வாயைத் திறந்தால் சிந்திவிடும் என்பதுபோல, உதட்டை மூடிக்கொண்டே முற்றம் பெருக்குவான். மூடிக்கொண்டே தண்ணீர் எடுப்பான்.

கனவில் பாடுகிறவனுக்காகத்தான் அந்தத் தடுக்கு. அவன் வந்து உட்காருகிற அன்றைக்குக் குறை என்று ஒன்று இருக்கக் கூடாது.

*

செல்லக்கிளி பாடம் கேட்க உட்கார்ந்தாள்.

ஆதிமூலம் அடுப்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. புதிதாக வருகிற எல்லாருக்கும் சொல்லித் தருகிற முதல் அடி, சின்ன அடி. செல்லக்கிளி அதை எடுத்தாள். மேலே போகிற இடத்தில் குரல் வழுக்கி விழுந்தது.

கொட்டகை சிரித்தது. அந்தச் சிரிப்பில் செல்லக்கிளியின் சிரிப்பும் இருந்தது.

"இன்னொரு தடவை," என்றாள் பூங்காவனம்.

அதே இடம். அதே வழுக்கல்.

"இன்னொரு தடவை."

நாட்கள் போயின. தினமும் அந்த இடத்தில் அது வழுக்கும். ஆதிமூலத்துக்கு அது பழகிவிட்டது. காத்திருந்து, வழுக்கியதும் முறத்தை ஒரு தட்டுத் தட்டுவான்.

ஒருநாள் வழுக்கவில்லை.

அவன் கை முறத்தின் மேல் நின்றது. குரல் அந்த இடத்தைத் தாண்டிப் போய், அடுத்த இடத்தில் தடுக்கி விழுந்தது. கொட்டகை சிரித்தது.

ஆனால் அது அடுத்த இடம்.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

செல்லக்கிளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"தம்பி, தடுக்குல ஒரு மூலை பிஞ்சு போச்சு. இப்படியே போனா மழைக்கு முன்னாடி என்னைப் பரிசல்ல ஏத்திருவீங்க போல."

"நெளியாம உட்காருங்க."

"எங்க தம்பி? அந்த மேல் இடம் வந்தாலே உடம்பு தானா தூக்கிக்குது."

அவன் கேட்காமலே அவளாகச் சொன்னாள். "வீட்டுல சொல்லிப் பார்த்தேன். 'இந்தக் குரலை வச்சுக்கிட்டு எங்க போறே'ன்னு கேட்டாங்க. எம் மருமக சிரிச்ச சிரிப்புல தொட்டில் புள்ளை எந்திரிச்சிருச்சு. வேற குரலுக்கு நான் எங்க போவேன், சொல்லுங்க?"

ஆதிமூலம் அடுப்பில் விறகைத் தள்ளினான். புகை கண்ணில் பட்டது. புகைதான்.

*

மறுநாள் காலைப் பாடம் முடிந்தும் பனி விலகவில்லை. மருத மரத்தடியில் பூங்காவனம் கணப்புச் சட்டியை வைத்துக்கொண்டு குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். ஆதிமூலம் எதிரே போய் நின்றான்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"நேத்து வந்தவங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வச்சுப் பாடம் சொல்றீங்க. என்னை ஒருநாளும் கூப்பிடலை."

அவள் இடுக்கியால் கங்குகளைக் கிளறினாள்.

"பெரியவர் கூப்பிட்டாரா?"

"வந்த அன்னைக்குக் கூப்பிட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் அவரும் கூப்பிடலை."

"அவர் கூப்பிட்டதுக்கே நீங்க இன்னும் போகலையே அண்ணே. நடுவுல நான் எப்படிக் குறுக்கே கூப்பிடுறது?"

"விளையாடாதீங்கம்மா. எனக்கு வயசாகுது."

"ஆமா. எனக்கும்."

"வேலை விட மாட்டேங்குது. நான் வந்து உட்கார்ந்துட்டா சோறு யார் பொங்கறது?"

"நாளைக்கு நான் பொங்குறேன். நீங்க உட்காருங்க."

"நாளைக்கா?"

"நாளைக்கு."

"நாளைக்கு எப்படிம்மா? தடுக்குல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

"கொண்டாங்க," என்றாள். "பார்ப்போம்."

அடுப்படிக் கூரைச் சட்டத்தில் செருகி வைத்திருந்ததை எடுத்துவந்தான். சுற்றியிருந்த வெள்ளைத் துணியைப் பிரித்தான். மணலில் விரித்தான்.

பூங்காவனம் கிட்டே குனிந்தாள். கோரை என்று சொன்னால் நம்ப முடியாது. தலைமுடி அளவுக்குக் கீறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், தண்ணீர் படுத்ததுபோலப் படுத்திருந்தது. ஓரத்தில் சிவப்புச் சாயக் கோரையில் அலை ஓடியது. விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை அண்ணே."

அவனுக்குத் தெரியும், அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

"என்ன பாக்கி?"

"இந்த ஓரத்துல ஒரு விரற்கடை."

"எவ்வளவு நேர வேலை?"

"உட்கார்ந்தா ஒரு பொழுது."

"எவ்வளவு நாளா பாக்கி?"

அவன் ஆற்றுப் பக்கம் பார்த்தான். ஆறு தெரியவில்லை.

"இது யார் உட்காருறதுக்கு?"

"எனக்குத்தான்."

"நீங்க மேலெல்லாம் சேறும் கரியுமா நிக்கிறீங்க. இதுல நீங்க உட்கார மாட்டீங்க. வேற யாரோ வர்றாங்க. யாரு அண்ணே?"

இதுவரை யாரிடமும் அவன் சொன்னதில்லை. இப்போது சொன்னான். விளக்குச் சுடர் சாய்வதை, கொக்கு கால் இறக்க மறப்பதை, தொண்டையில் மிஞ்சுகிற சூட்டை. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

"ரொம்ப நல்லாப் பாடுவாரா?"

"அந்த மாதிரிக் குரலை நான் கேட்டதில்லைம்மா."

"தப்பு விடுவாரா?"

"ஒருநாளும்."

"எனக்கும் கேக்கணும்னு ஆசையா இருக்கு," என்றாள். குரலில் கேலி இல்லை.

இடுக்கியால் சட்டியிலிருந்து ஒரு கங்கை எடுத்தாள். ஊதினாள். சாம்பல் பறந்து அது சிவந்தது. தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துவதுபோல, மெதுவாக, தடுக்கின் நடுவில் வைத்தாள்.

ஆதிமூலம் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணுக்கு முன்னால் நடப்பது கைக்குப் போய்ச் சேரவில்லை. கோரை கருகுகிற வாசனை வந்தது. ஒரு சின்னச் சிவப்பு வளையம். அது பெரிதானது. இன்னும் பெரிதானது.

பாய்ந்து வெறும் கையால் தட்டிவிட்டபோது, உள்ளங்கை அகலத்துக்கு மணல் தெரிந்தது.

"என்னம்மா பண்ணிட்டீங்க."

"ஓட்டை விழுந்துருச்சு," என்றாள் பூங்காவனம்.

"நீங்கதானே வச்சீங்க."

"நான்தான்." அவள் இடுக்கியைச் சட்டியில் சாய்த்து வைத்தாள். "விடியல்ல மொட்டையன் வருவார். ஒரு பாட்டைத் தயார் பண்ணிக்கோங்கண்ணே."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. 

"நான் அதுல ஒருநாள்கூட உட்காரலைம்மா."

"தெரியும்."

"தேய்ஞ்சுல்ல ஓட்டை விழணும்."

"ஓட்டை விழுந்தா போகணும்னுதான் பெரியவர் சொன்னார். எதனால விழணும்னு சொல்லலையே."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரு அடிகூடப் பாடினதில்லை. இங்கேர்ந்து வெறுங்கையோட போயி நான் என்ன செய்வேன்?"

அவள் எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டினாள்.

"பாடிட்டுத்தான் போகணும்," என்றாள். "அது வழக்கம்."

*

அன்று மதியம் ஆதிமூலம் சோறு பொங்கவில்லை.

பூங்காவனம் பொங்கினாள். அடிபிடித்திருந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

அவன் துறையோரம் ஒரு கோரைக் கட்டின் மேல் தலைவைத்துப் படுத்திருந்தான். கையில் தீப்பட்ட இடம் எரிந்தது. எரிந்தபடியே கண் அயர்ந்தது.

கனவில் பாடுகிறவன் வந்தான்.

மணலில் நடந்து வந்தான். இந்தத் தடவை முகம் தெரிந்தது. கறுத்த மீசை. குழி விழாத கன்னம். இந்தத் திட்டில் முதன்முதலாக வந்து இறங்கிய அன்றைக்கு ஆதிமூலத்துக்கு இருந்த முகம். அவனுக்கு வயதே ஆகவில்லை.

தடுக்கின் முன்னால் வந்து நின்றான். ஓட்டையைப் பார்த்தான். கோபம் இல்லை. விருந்துக்குச் சொல்லியிருந்த வீடு பூட்டிக் கிடந்தால் எப்படி நிற்பார்களோ, அப்படி நின்றான். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். ஆதிமூலத்தையும் பார்த்தான், ஒரு மரத்தைப் பார்ப்பதுபோல. அடையாளம் தெரியவில்லை.

பிறகு துறைக்கு இறங்கினான். பரிசல் மெதுவாகத் திரும்பியது.

கூப்பிட வேண்டும் என்றிருந்தது ஆதிமூலத்துக்கு. கனவிலும் உதடு மூடியே இருந்தது.

விழித்தபோது தொண்டையில் சூடு இல்லை. வெறும் தாகம்.

*

விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டான். போகப்போகிற ஆள்தான். ஆனாலும் கைக்கு அது தெரியவில்லை. அடுப்படிக்குப் போய் முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரிக்க ஆரம்பித்தது. பாதி உரித்திருக்கும்போது மொட்டையன் துறையிலிருந்து குரல் கொடுத்தான்.

எல்லாரும் கரையில் நின்றார்கள். பனி அன்றைக்கும் அப்படியே. செல்லக்கிளி பனிக்குத் தன் கோணல் தடுக்கையே தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். பூங்காவனம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். பரிசலில் மொட்டையன்.

"பாடுங்கண்ணே," என்றாள் பூங்காவனம்.

கனவில் கேட்ட பாட்டு ஒன்று உண்டு. ஒரு எழுத்து விடாமல் தெரியும். கண்ணை மூடினான். வாயைத் திறந்தான்.

காற்றுதான் வந்தது.

மறுபடி திறந்தான். பல காலமாகத் திறக்காத கதவைத் திறக்கிற சத்தம் வந்தது. மேலே ஏறியது. உடைந்தது. எங்கோ யாரோ இருமினார்கள். காதுமடல் சுட்டது. கண்ணைத் திறந்து பனிக்குள் தேடினான். அங்கே யாருடைய முதுகும் தெரியவில்லை.

இனி இழக்க ஒன்றும் இல்லை. பெரிய பாட்டைக் கீழே போட்டான். தட்டிக்குப் பின்னாலிருந்து நாள் தவறாமல் கேட்ட அந்தச் சின்ன அடியை எடுத்தான். புதிதாக வருகிற எல்லாருக்கும் சொல்லித் தருகிற அடி.

மேலே போகிற இடத்தில் குரல் வழுக்கி விழுந்தது.

செல்லக்கிளி சிரித்துவிட்டாள்.

"அதே இடம்," என்றாள். "எனக்கும் அங்கதான் தம்பி சறுக்கிச்சு. கொஞ்சம் வயித்தை உள்ள இழுங்க."

"இன்னொரு தடவை," என்றாள் பூங்காவனம்.

பாடினான். அதே வழுக்கல்.

"இன்னொரு தடவை."

பாடினான். தடித்த குரல். அடுப்புப் புகை ஏறிய குரல். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அது வெளியே இருந்தது. காதால் கேட்க முடிந்தது.

மூட்டையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். பரிசல் விளிம்பில் கை வைத்தான்.

"எங்கேண்ணே?" என்றான் மொட்டையன்.

"கிளம்பணுமே. தடுக்குல ஓட்டை விழுந்துருச்சு."

"ஒரு தடுக்குக்கு ஒரு ஆளுதானே?"

"ஆமா."

"அந்த ஆளைத்தான் நேத்து மதியமே அக்கரையில இறக்கி விட்டுட்டேனே."

"யாரை?"

"யாரோ. சின்ன வயசு. துறையில நின்னாரு, ஏறினாரு. வாயே திறக்கலை." மொட்டையன் துடுப்பால் தண்ணீரைத் தொட்டான். "பரிசல்ல ஆள் ஏறின கனமே இல்லைண்ணே. இருக்காரா, விழுந்துட்டாரான்னு நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டு வந்தேன்."

ஆதிமூலம் பூங்காவனத்தைப் பார்த்தான். அவள் கல்லிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள்.

"குளிருது," என்றாள் பொதுவாக. "பாடத்தை ஆரம்பிக்கலாம்."

எல்லாரும் கொட்டகைக்குத் திரும்பினார்கள். அவரவர் தடுக்கைப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆதிமூலம் ஈர வேட்டியோடு வாசலில் நின்றான்.

"அம்மா, எனக்குத் தடுக்கு இல்லையே."

"தரை இருக்கே அண்ணே."

செல்லக்கிளி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

தரை சில்லென்றிருந்தது.

*

பாடம் முடிந்து அடுப்படிக்கு வந்தான். முறத்தில் சின்ன வெங்காயம் பாதி உரித்தபடி கிடந்தது.

முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு உட்கார்ந்தான். ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தான்.